எதிரே உட்கார்ந்து கற்ற எழுத்து

என் மகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது நான்தான். இதைப் பெருமையாகவும் சொல்லலாம், வயிற்றெரிச்சலோடும் சொல்லலாம். கேட்கிறவர் யார் என்று பார்த்து நானே இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறேன். இப்போது எழுத உட்கார்ந்துவிட்டதால் நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. பெங்களூரில், தண்டு என்று சொல்லும் கன்டோன்மென்ட் பகுதியில், அல்சூருக்குப் பக்கத்தில், ஒரே குழாயைச் சுற்றி வரிசையாக வீடுகள் இருக்கும் வட்டாரம் ஒன்றில் குடியிருந்தோம். எங்களுக்கு ஒரே அறை. ஒரு மூலையில் சமையல், ஒரு மூலையில் படுக்கை. மிச்சமிருந்த இடம் முழுக்க என் ஊதுவத்திதான். என் வீட்டுக்காரர் ஃபாக்டரியில் ஃபிட்டர். காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனால் மாலையில் சங்கு ஊதிய பிறகுதான் வருவார். நான் வீட்டிலிருந்தபடி வத்தி உருட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வத்தி உருட்டுகிறவள் இடத்தை விட்டு எழுந்திருக்க முடியாது. முன்னால் ஒரு குட்டைப் பலகை. பசை ஒட்டாமல் இருக்க அதன்மேல் மரத்தூள் தூவியிருக்கும். வலது கைப் பக்கம் மூங்கில் குச்சிக் கட்டும் கரிமாவுப் பசையும். இடது கைப் பக்கம் உருட்டி முடித்த ஈர வத்திகள். அதன்மேல் ஒரு குழந்தையின் பாவாடை நுனி பட்டால் போதும், அன்றைய பாடெல்லாம் வீண். முதுகுக்குப் பின்னால் சுவர். ஆக, என் மகள் உட்கார ஒரே ஒரு இடம்தான் உண்டு. பலகைக்கு அந்தப் பக்கம், என் முகத்துக்கு நேரே. அங்கே அவளை உட்கார வைத்துவிட்டு நான் உருட்டிக்கொண்டிருப்பேன்.

அங்கேதான் பாடமும் ஆரம்பித்தது. பலகையின் மேல்பக்கத்தில் கொஞ்சம் தூளைப் பரப்பி விரலால் ஒரு 'அ' போடுவேன். அவளும் அதன் பக்கத்திலேயே ஒன்று போடுவாள். ஊதினால் போய்விடும். மறுபடியும் போடலாம். குளிர்காலம் முழுக்க இப்படியே போனது. என் கை வத்தியில், கண் அவள் விரலில்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், பயம்தான். வேறென்ன. நான் அவள் வயதில் இருந்தபோது என்னையும் ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார் என் அப்பா. பேர் எழுதச் சொன்னார்கள். எனக்குத் தெரியவில்லை. "அடுத்த வருஷம் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருஷத்துக்குள் தம்பி பிறந்துவிட்டான். தூளி ஆட்ட ஆள் வேண்டியிருந்தது. அதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. பொட்டலம் கட்டி வரும் காகிதத்தையும் சுவரில் ஒட்டிய நோட்டீஸையும் பார்த்துப் பார்த்து நானாகப் படிக்கக் கற்றுக்கொண்டேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அந்த 'அடுத்த வருஷம்' என்ற வார்த்தையைக் கேட்டாலே இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல மனதோடு மறுக்கிற மாதிரி மறுக்கிறவர்கள் சொல்லுகிற வார்த்தை அது.

எங்கள் வட்டாரத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்தது. இடம் கொஞ்சம், கேட்கிறவர்கள் நிறைய. ஒன்றாம் வகுப்பில் சேர வருகிற பிள்ளை தன் பேரையும் பெரிய டீச்சர் சொல்கிற சில வார்த்தைகளையும் எழுதிக் காட்டவேண்டும். எழுதாவிட்டால் அதே பதில்தான். என் வயிற்றில் அப்போது இரண்டாவது குழந்தை. இந்த வருஷம் இவள் சேரவில்லையென்றால் அடுத்த வருஷம் எங்கள் வீட்டிலும் தூளி தொங்கும். ஆட்டுகிறவள் யாராக இருப்பாள் என்று எனக்குத் தெரியும். ராத்திரி பகல் அதே நினைப்பாக இருந்தது.

ஆனால் பிள்ளை கெட்டிக்காரி. கோடை வருவதற்குள் எல்லா எழுத்தும் வந்துவிட்டது. பேர் எழுதினாள். அம்மா, அப்பா, படி, பலகை எல்லாம் எழுதினாள். சுழி எல்லாம் அழகாக விழுந்தது. குழாயடியில் நான் அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசினேன். பக்கத்து வீட்டு அம்மாள் கன்னடக்காரி. "ஏனம்மா, உம் பொண்ணு டீச்சரே ஆயிடுவா போல" என்று கிண்டல் செய்தாள். ஆகட்டுமே, ஆனால் என்ன குறை என்றேன்.

பள்ளிக்கூடத்துக்கு வரச்சொன்ன நாளுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் ஒரு சிலேட்டும் பலப்பமும் வாங்கி வந்தார். மரச்சட்டம் போட்ட புதுச் சிலேட்டு. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு மகளை மடியில் இருத்திக்கொண்டார். நான் எதிரே முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தேன். "எழுதிக் காட்டுடி அப்பாவுக்கு" என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். எழுத்தெல்லாம் முத்து முத்தாக இருந்தது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"பாத்தீங்களா?" என்றேன்.

"இன்னா பாக்கறது? இன்னா எழுதிக்கீறா?"

"அவ பேருதான். கண்ணு அவிஞ்சு போச்சா?"

அவர் சிலேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எம் பக்கம் வந்து பாரு மே" என்றார்.

முறத்தை வைத்துவிட்டு எழுந்து அவர் பக்கம் போனேன். குனிந்து பார்த்தேன்.  ஒரு எழுத்துகூட நேராக இல்லை. எல்லாம் தலைகீழ். பேரின் முதல் எழுத்து வலதுகைக் கோடியில் தலைகுப்புற நின்றது. அங்கிருந்து இடது பக்கமாக ஒவ்வொன்றாகக் கவிழ்ந்து கிடந்தது. திரும்ப எதிரே வந்து பார்த்தேன். முத்து முத்தாக இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாதக்கணக்கில் நான் என் பக்கம் பார்த்து எழுதிப் போட்டிருக்கிறேன். அவள் எதிரே உட்கார்ந்து கண்ணில் பட்டபடியே போட்டுப் பழகியிருக்கிறாள். அவள் போட்டது எனக்கு நேராகத் தெரிந்ததால் நானும் சபாஷ் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன். வத்திப் பலகையில் பாடம் நடத்தினால் இப்படித்தான் ஆகும் என்று எனக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்.

அவர் சிரித்துவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகளும் எதற்கென்று தெரியாமல் கூடச் சிரித்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"சிரிங்க. நல்லா சிரிங்க. ஸ்கூல்ல சேத்துக்கமாட்டேன்னு சொல்லும்போதும் வந்து இதே மாதிரி சிரிங்க."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "இதுக்கு ஏன் இப்டி கத்தற? எழுதி முடிச்சதும் சிலேட்ட திருப்பிக் குடுத்தா போச்சு" என்றார்.

"வகுப்புல போர்டுல எழுதச் சொன்னா போர்டைத் திருப்பிக் குடுப்பீங்களா?"

அவர் பீடி பற்றவைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். ஆண்பிள்ளைகளுக்கு அந்த வசதி உண்டு.

மறுநாள் காலை ஈர வத்தியை எல்லாம் அடுப்பங்கரைக்கு மாற்றிவிட்டு அவளை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். சிலேட்டில் ஒரு 'அ' எழுதி, "இதே மாதிரி போடு" என்றேன். பார்த்தாள். எழுந்தாள். பலகையைச் சுற்றிக்கொண்டு போய் எதிரே உட்கார்ந்தாள். பிடித்து இழுத்து வந்தேன். மறுபடியும் போனாள். "இங்கதான் எழுதுவேன்" என்றாள். என்ன பிடிவாதம், எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். என்னிடமிருந்துதான்.

கையைப் பிடித்து எழுத வைத்துப் பார்த்தேன். அவள் விரல் துவண்டுவிட்டது. என் கைதான் எழுதியது. அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதட்டினேன். கத்தினேன். பிள்ளையைப் பார்த்துக் கத்தக்கூடாது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். அவர்களுக்கு அந்த வாரம் வந்திருந்தால் தெரிந்திருக்கும். கடைசியில் அவள் எழுதுவதையே நிறுத்திவிட்டாள். நேராகவும் இல்லை, தலைகீழாகவும் இல்லை. பலப்பத்தைக் கொடுத்தால் கடித்துத் தின்றாள். வாயெல்லாம் சாம்பல் நிறம்.

சத்தம் கேட்டுக் கன்னடக்கார அம்மாள் வந்து எட்டிப் பார்த்தாள். "யாக்கம்மா இஷ்டு கூச்சல்? சின்னக் கொழந்தே. இந்த வருஷம் ஆகலேன்னா அடுத்த வருஷம் சேத்தா ஆச்சு, பிடி" என்றாள். அவள் பேச்சில் பிடி என்றால் விடு என்று அர்த்தம். நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் சொன்னது அந்த வார்த்தையை. நான் கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்காக அவள் என்னோடு சில நாள் பேசவில்லை.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. அவள் என் பக்கம் வரமாட்டாள், சரி. நானே தலைகீழாக எழுதிக் காட்டினால் அவளுக்கு நேராகத் தெரியுமே. மத்தியானம் அவள் தூங்கும்போது பலகையில் தூள் தூவி ஒத்திகை பார்த்தேன். கை போகவே இல்லை. 'அ'வைக் காலிலிருந்து தொடங்கி மேலே கொண்டுபோவதற்குள் சுழி எந்தப் பக்கம் என்பதே மறந்துவிடுகிறது. ஒரு எழுத்துக்கு என் கழுத்து வலித்தது. இதைத்தானா என் பிள்ளை ஒரு முணுமுணுப்பு இல்லாமல் மாதக்கணக்கில் செய்துகொண்டிருந்தாள் என்று நினைத்தபோது எனக்கு அவள்மேல் இருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது. பசை காய்ந்துபோனதை அப்புறம்தான் கவனித்தேன்.

சாயந்திரம் அவளை எதிரே உட்கார வைத்து, பட்ட பாட்டுக்குப் பலனாக ஒரு 'அ'வைத் தலைகீழாகப் போட்டுக் காட்டினேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்தில் அப்படி ஒரு பரிதாபம்.

"அம்மா, தப்பும்மா. தலகீழா போட்டுட்ட" என்றாள். ஊதி அழித்துவிட்டு எனக்கு நேராகத் தெரியும்படி ஒன்று போட்டுக் காட்டினாள். "இப்டி."

எனக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. விடிந்தால் பள்ளிக்கூடம்.

காலையில் அவர் ஷிப்டுக்குப் போய்விட்டார். போகும்போது, "நடக்கறது நடக்கட்டும், பிள்ளைய அடிச்சிடாத" என்று மட்டும் சொன்னார். நான் புளி போட்டுக் கையைத் தேய்த்தேன். நகக்கண்ணில் ஏறிய கரி போகவில்லை. இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, அவளுக்கு எண்ணெய் வைத்து இரட்டைச் சடை போட்டுக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேராக எழுது என்று சொன்னால் எழுதாமலே நின்றுவிடுவாளோ என்று பயம். எழுது என்று சொன்னால் தலைகீழாக எழுதுவாளே என்று பயம். இதில் எது வேண்டும் என்று சாமியிடம் கேட்பது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒருத்தி பையனோடு உள்ளே போனாள். வெளியே வரும்போது முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அடுத்த வருஷம் வரச் சொல்லிட்டாங்க" என்று என்னிடம் சொன்னாள், நான் கேட்காமலே. என் மகளின் கையை நான் இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். "வலிக்குதும்மா" என்றாள்.

உள்ளே ஒரு பெரிய மேஜை. அதற்குப் பின்னால் பெரிய டீச்சர், வெள்ளைப் புடவை, கண்ணாடி. மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி. மகளை அதில் ஏற்றி உட்கார வைக்கச் சொன்னார்கள். என்னைப் பின்னால் சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்துச் சிலேட்டு ஒன்று அவள் முன்னால் இருந்தது.

"உம் பேர எழுதும்மா" என்றார் பெரிய டீச்சர்.

அவள் பலப்பத்தை எடுத்தாள். வாய்க்குப் போகப் போகிறது என்று நினைத்தேன். போகவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு எதிரே உட்கார்ந்திருந்த பெரிய டீச்சரைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து எழுத ஆரம்பித்தாள்.

நான் நின்ற இடத்திலிருந்து அவள் தோளுக்கு மேலாகச் சிலேட்டு தெரிந்தது. வலதுகைக் கோடியில் முதல் எழுத்து தலைகுப்புற இறங்கியது. அடுத்தது அதன் பக்கத்தில். போச்சு என்று நினைத்தேன்.  சுவரைப் பிடித்துக்கொண்டேன். இனிமேல் என் பேச்சை யார் கேட்பார்கள், தூளிக்கு இவள்தான் என்று மனசுக்குள் ஓடியது.

"நல்லாருக்கே" என்றார் பெரிய டீச்சர். "அம்மா எழுது. பலகை எழுது."

எழுதினாள். பெரிய டீச்சர் தலையாட்டினார். காலையிலிருந்து எத்தனையோ பிள்ளைகளின் சிலேட்டைத் தன் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்த கை அல்லவா. பழக்கத்தில் இவள் சிலேட்டையும் திருப்பினார். திருப்பிவிட்டு விழித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மறுபடி பழையபடி திருப்பி வைத்தார். என் மகளையே பார்த்தார். 

"ஏம்மா, எம் பக்கம் பாத்து எழுதியிருக்கே?"

"நீங்கதானே படிக்கணும்" என்றாள் என் மகள்.

"அப்ப உனக்குத் தெரிய வேணாமா?"

"எனக்குத்தான் தெரியுமே. நான்தானே எழுதினேன்."

பெரிய டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார்.

"நாந்தாங்க" என்றேன்.  "எதிர்ல உக்காத்தி வெச்சு. நான் வத்தி உருட்டறேங்க. வேற எடமில்லீங்க." கரி படிந்த கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். என்ன சொல்லப்போகிறார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஜூன்ல ஸ்கூல் தொறந்ததும் கூட்டிட்டு வா" என்றார். "ஆனா இனிமே வீட்ல நீ எதுவும் சொல்லிக்குடுக்காத. நாங்க பாத்துக்கறோம்."

கையெடுத்துக் கும்பிட்டேன். வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்துவிட்டேன். ஜூன், ஜூன் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதின் இரண்டாவது பாதி வீடு வந்து அடுப்புப் பற்றவைக்கும்போதுதான் காதில் விழுந்தது. நான் சொல்லிக்கொடுக்கக்கூடாது. சரிதான், நியாயம்தான். இருந்தாலும் சுருக்கென்றது.

ஜூனில் சேர்த்தோம். நான் ஒரு எழுத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. தினமும் அவள் திரும்பி வரும் வரைக்கும் எனக்கு இருப்புக்கொள்ளாது. அடிக்கிறார்களா, தனியாக உட்கார வைத்திருக்கிறார்களா, திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று உருட்டுகிற வத்தியெல்லாம் தடிமனாகப் போகும். கேட்டால், "பாட்டு சொல்லிக்குடுத்தாங்க" என்பாள். எழுத்தைப் பற்றிக் கேட்க எனக்குப் பயம். அவளும் சொல்லவில்லை.

மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டுச் சிலேட்டை எடுத்துக்கொண்டு எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். "எழுதிக் காட்டட்டுமா?" என்றாள். காட்டு என்றேன். நாக்கைக் கடித்துக்கொண்டு வேகமாக எழுதினாள். இடது பக்கத்திலிருந்து வலது பக்கமாக. சிலேட்டைப் பலகைமேல் அப்படியே வைத்தாள்.

"படிம்மா."

பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எழுத்தெல்லாம் கவிழ்ந்து கிடந்தது.

"அங்கிருந்து தெரியாது. எழுதறவங்க பக்கம்தான் நேரா இருக்கணுமாம், டீச்சர் சொன்னாங்க. நீ இங்க வா" என்றாள்.

பாதி உருட்டிய வத்தியைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு எழுந்து அவள் பக்கம் போய் உட்கார்ந்தேன். படித்தேன். அவள் பேர், என் பேர், அப்பா பேர். ஒரு பிழை இல்லை. சாமி, பிழைத்தோம் என்று இருந்தது. "நல்லாருக்குடி" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அங்கே யாருமில்லை என்று நினைத்துத்தான் அழுதேன். கன்னடக்கார அம்மாள் இருந்தாள். என்னோடு பேச ஆரம்பித்திருந்தாள் அப்போது.

"ஏனாயித்தம்மா, பொண்ணு எழுதலயா?" என்று பதறினாள்.

"நேரா எழுதிட்டா" என்றேன்.

"அப்ப சந்தோஷத்துல அழறே."

ஆமாம் என்றேன். பொய் இல்லை, சந்தோஷம்தான். ஆனால் என் பக்கம் பார்த்து, நான் படிக்கவேண்டும் என்று ஒருத்தர் எழுதியது அந்தச் சில மாதங்கள்தான். அதற்கு முன்னாலும் இல்லை, அப்புறமும் இல்லை.